பின்வரிசை எம்.பி. ஒருத்தர் ஊர் பிரச்சனைய மக்களவைக்குள்ள கொண்டு போறது எப்படி: நோட்டீஸ்ல இருந்து பதில் வர்ற வரைக்கும் முழு வழிகாட்டி

மனு குடுக்க வர்றவங்க கிளம்பும்போது வாசல்ல நின்னு திரும்பி பாத்து ஒரு வரி சொல்லிட்டு போவாங்க, "பார்லிமெண்ட்ல இத பத்தி பேசுங்க சார்". ஒரு எம்.பி. ஆபீஸ்ல சில கூட்டத்தொடர் நோட்டீஸ் டைப் பண்ற வேலை பாத்தவன் நான், இந்த வரிய எத்தன தடவ கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. பேசுறது பெரிய விஷயமே இல்லங்க, மூணு நிமிஷம் பேசி அத வெட்டி வீடியோவா போட்டா நல்லாவே ஓடும். ஆனா பேசி முடிச்சு உக்காந்ததுக்கு அப்புறம் அரசாங்கம் பதில் சொல்லியே ஆகணுமா, எழுத்துல சொல்லணுமா, எப்போ சொல்லணும், இதெல்லாம் நீங்க எந்த விதியில நோட்டீஸ் குடுத்தீங்கங்கறத பொறுத்துதான் இருக்கு. அது தெரியாம பேசுனா பேச்சு மட்டும்தான் மிச்சம்.

பின்வரிசைன்னு சொன்னா அமைச்சரா இல்லாதவங்க, கட்சித் தலைமையில இல்லாதவங்க, 543 பேர்ல பெரும்பாலானவங்க இதுல வந்துருவாங்க, ஆளுங்கட்சி எதிர்க்கட்சி ரெண்டு பக்கமும். தீர்மானம் போட்டு ஜெயிக்கிற பலம் இவங்க கிட்ட கிடையாது, அத முதல்லயே ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கணும். இவங்க கையில இருக்கிறது வேற ஒண்ணு, அமைச்சரோட பதில பதிவுல ஏத்துற அதிகாரம். கீழ சொல்றது எல்லாம் அந்த ஒரு பதில வாங்குறதுக்கான வழிதான். மக்களவைய வச்சு சொல்றேன், மாநிலங்களவையில எங்க மாறுதோ அங்கங்க சொல்லிடறேன்.

முதல்ல: இது யாரோட பிரச்சனை, உங்களுக்கு என்ன பதில் வேணும்

மனுவ கையில வாங்கினதும் பாக்க வேண்டியது இது மத்திய அரசு விஷயமா மாநில அரசு விஷயமாங்கறது. போலீஸ் ஸ்டேஷன், ரேஷன் கடை, ஊர் தெருவிளக்கு இதெல்லாம் எழுதி அனுப்புனா மக்களவைச் செயலகத்துலயே நின்னுடும், "இந்திய அரசின் பொறுப்பில் வராத விஷயம்" னு. கோர்ட்ல நடந்துட்டு இருக்கிற கேஸா இருந்தாலும் அதே கதிதான். ஆனா ஒரே பிரச்சனைக்கு பல முகம் இருக்கும்ல, ஊர் ரோடு மாநில விஷயமா இருந்தாலும் அதுக்கு மத்திய திட்டத்துல பணம் வந்திருந்தா அந்த பணத்த பத்தி கேக்கலாம், மீனவர் கைதுன்னா வெளியுறவுத் துறை கிட்ட கேக்கலாம், படகு மானியம்னா மீன்வளத் துறை. எந்த அமைச்சகத்து கதவ தட்டுறதுன்னு கண்டுபிடிக்கறதுல பாதி வேலை முடிஞ்சுது.

ரெண்டாவது, "இந்த பிரச்சனைய தீர்த்து வைங்க" ங்கறது கேள்வி கிடையாது, அது வேண்டுதல். என்ன ஒரு வரி பதில் கைக்கு வந்தா ஊர்ல அடுத்த வேலை நகரும்னு யோசிங்க. ஒரு உதாரணத்த கடைசி வரைக்கும் கூட கூட்டிட்டு வர்றேன். ஒரு சுரங்கப்பாதை. ஊர் பேரும் துறை பேரும் வேண்டாம், மத்திய அரசு துறை ஒண்ணு கட்டினதுன்னு மட்டும் வச்சுக்கோங்க. மழை பெஞ்சா இடுப்பளவு தண்ணி, ஸ்கூல் புள்ளைங்க மூணு கிலோமீட்டர் சுத்திட்டு போகும். உள்ளாட்சியில போய் கேட்டா பம்ப் போட வேண்டியது கட்டினவங்கன்னு சொல்வாங்க, கட்டினவங்க கிட்ட போனா பராமரிப்பு உள்ளாட்சியோடதுன்னு சொல்வாங்க. ரெண்டு ஆபீஸுக்கும் நடுவுல மனு பந்து மாதிரி போயிட்டு வந்துட்டு இருந்துச்சு. ஆக எங்களுக்கு வேண்டிய பதில் ஒண்ணே ஒண்ணு, அந்த பம்ப் யாரோட பொறுப்பு. அனுதாபமோ அறிவிப்போ தேவையே இல்ல.

ரெண்டாவது: கேள்வியில ஆரம்பிங்க, வேற எதுலயும் ஆரம்பிக்காதீங்க

புதுசா வர்ற எல்லாருக்கும் ஜீரோ ஹவர் மேலதான் கண்ணு, அதாவது கேள்வி நேரம் முடிஞ்சதும் அவசர விஷயம் பேசுற நேரம். என் அனுபவத்துல கேள்விதான் ராஜா. தினமும் மக்களவையில 20 நட்சத்திரக் கேள்வி, அதுக்கு அமைச்சர் எழுந்து வாயால பதில் சொல்லணும், 230 வரைக்கும் நட்சத்திரம் இல்லாத கேள்வி, அதுக்கு எழுத்துல பதில் அவையில வைப்பாங்க. மாநிலங்களவையில 15, 160. மக்களவையில கேள்வி நேரம் காலைல 11 மணிக்கு, மாநிலங்களவையில மதியம் 12 மணிக்கு.

இதுல ரொம்ப பேர் கவனிக்காத விஷயம் என்னன்னா, அவை கூச்சல்ல ஒத்திவைக்கப்பட்டாலும் எழுத்துப் பதில் வந்து சேர்ந்துடும். ஜீரோ ஹவர் போனா போனதுதான், நாள் முழுக்க அமளியா இருந்தா உங்க நோட்டீஸ் குப்பைக்கு போயிடும், ஆனா அச்சடிச்ச கேள்விக்கு பதில் மேஜையில வச்சதாவே கணக்கு. 2020 செப்டம்பர்ல கொரோனான்னு சொல்லி கேள்வி நேரத்தையே ரத்து பண்ணாங்களே, அப்பவும் நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்துல பதில் வந்துட்டுதான் இருந்துச்சு.

நோட்டீஸ் 15 முழு நாள் முன்னாடி குடுக்கணும், முழு நாள்னா குடுக்குற நாளும் பதில் வர்ற நாளும் கணக்குல சேராது. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் கிழமை பிரிச்சிருப்பாங்க, கூட்டத்தொடர் அறிவிச்ச உடனே அந்த அட்டவணைய பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டிக்கோங்க, நாங்க ஒரு தடவ கிழமைய மாத்தி பாத்து ஒரு மாசம் உழைச்ச கேள்வி அந்த தொடர்லயே ஏறாம போச்சு. ஒரு எம்.பி. ஒரு நாளைக்கு அஞ்சு நோட்டீஸ் வரைக்கும் குடுக்கலாம், நட்சத்திரப் பட்டியல்ல ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு ஒண்ணுதான் வரும், அதுவும் குலுக்கல்ல. அதனால நட்சத்திரம் வரலைன்னு அழ வேண்டாம், நம்மள மாதிரி ஆவணம் தேடுறவங்களுக்கு எழுத்துப் பதிலே போதும், சொல்லப்போனா அதுதான் நல்லது.

இப்ப கேள்விய எழுதுறது. 150 வார்த்தைக்குள்ள இருக்கணும், வாதம் கூடாது, கிண்டல் கூடாது, குத்தம் சாட்டுற தொனி கூடாது, அபிப்ராயம் கேக்கக் கூடாது. எங்க சுரங்கப்பாதைக்கு முதல்ல நான் கோவத்துல டைப் பண்ணது இது:

"மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி மாணவர்கள் அவதிப்படுவதை அரசு கண்டும் காணாமல் இருப்பது ஏன்?"

இது அனுமதிக்கே போகாது, கண்டும் காணாமல்னு வந்தாலே வாதம். சரின்னு சாந்தமா மாத்தினேன்:

"(அ) மேற்படி சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்குவது அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா; (ஆ) ஆம் எனில், விவரம் என்ன; (இ) எடுத்த நடவடிக்கை என்ன?"

பாக்க லட்சணமா இருக்குல்ல, இதுதான் இருக்கறதுலயே மோசமான கேள்வி. ஏன்னா துறை (அ)வுக்கு "இல்லை" ன்னு ஒரு வார்த்தை போட்டா (ஆ)வும் (இ)யும் தானா செத்துடும், "(ஆ) மற்றும் (இ): கேள்வி எழவில்லை" ன்னு முடிச்சிருவாங்க. இந்த 'கேள்வி எழவில்லை' ய எத்தன பதில்ல பாத்திருக்கேன் தெரியுமா. ஆமா இல்லன்னு பதில் வர்ற கேள்வியோட வால்ல மத்த கேள்விய கட்டவே கட்டாதீங்க. ஒவ்வொரு உட்பிரிவும் தனித்தனியா சொந்தக் கால்ல நிக்கணும். கடைசியா அனுப்பினது இது:

"(அ) இந்த மாவட்டத்தில் கடந்த 5 ஆண்டுகளில் துறை கட்டிய சுரங்கப்பாதைகள் எத்தனை, இடம்வாரியாக, (ஆ) அவற்றில் மழைநீர் வெளியேற்றும் பம்ப் பொருத்தப்பட்டவை எவை, (இ) அந்த பம்புகளைப் பொருத்தி, இயக்கி, பராமரிக்கும் பொறுப்பு துறையுடையதா, உள்ளாட்சியுடையதா, (ஈ) இதற்காக கடந்த 3 ஆண்டுகளில் ஒதுக்கிய தொகையும் செலவான தொகையும், ஆண்டுவாரியாக."

(அ)வும் (ஈ)யும் சும்மா துணைக்கு வந்ததுன்னு நினைக்காதீங்க, எண்ணு கேட்டா கோப்ப தேடி எடுத்தே ஆகணும், டெல்லியில இருந்து மண்டல ஆபீஸுக்கு கடிதம் போகும், அங்க இருந்து சம்பந்தப்பட்ட இன்ஜினியருக்கு போகும், இத்தன நாள் மனுவ திருப்பி அனுப்பிட்டு இருந்த அதே மேஜையில நாடாளுமன்றக் கேள்வின்னு சிகப்பு மையில கோடு போட்டு போய் உக்காரும். பாதி நேரம் அந்த கடிதம் போன வாரமே ஆள் வந்து பாத்துட்டு போவாங்க. எங்க உயிர் (இ)யில இருந்துச்சு.

கேள்வி போடறதுக்கு முன்னாடி நாடாளுமன்றத்தோட சன்சத் இணையதளத்துல பழைய பதில தேடி பாருங்க, ஏற்கனவே பதில் சொன்னதையே திருப்பி கேட்டா தள்ளிடுவாங்க, அது மட்டும் இல்லாம பழைய பதில்ல ஒரு எண்ணு இருக்கும், அத பிடிச்சு மேல ஏறலாம்.

ஒரு எச்சரிக்கை, இத படிக்கற உதவியாளர்களுக்கு. கேள்வி எம்.பி.யோடது, நீங்க டைப் மட்டும்தான். 2005 டிசம்பர்ல கேள்வி கேக்க காசு வாங்கினதா கேமராவுல மாட்டின 11 எம்.பி.க்கள் பதவி பறிபோச்சு, 2023 டிசம்பர்ல ஆன்லைன் லாகின வெளியாள் கிட்ட குடுத்த விவகாரத்துல இன்னொருத்தர வெளியேத்துனாங்க. நோட்டீஸ் எல்லாம் இப்ப போர்ட்டல் வழியாதான் போகுது, பாஸ்வேர்டு விஷயத்துல நட்பு, உறவுன்னு எதுவும் பாக்காதீங்க.

மூணாவது: குலுக்கல்ல நட்சத்திரம் விழுந்துட்டா

நட்சத்திரக் கேள்வி போட்டவருக்கு ரெண்டு துணைக் கேள்வி கேக்க வாய்ப்பு. அமைச்சர் பதில கைல வச்சிருப்பார், துணைக் கேள்விக்குன்னு அதிகாரிங்க குடுத்த குறிப்புக் கட்டு தனியா இருக்கும், அதுல இல்லாதத கேக்கறதுதான் சாமர்த்தியம். ரெண்டு நிமிஷம் முன்னுரை பேசுனா சபாநாயகர் "கேள்விக்கு வாங்க" ன்னு வெட்டுவார், கேள்விக்கு வர்றதுக்குள்ள நேரம் போயிடும். தமிழ்ல பேசணும்னா முன்கூட்டியே சொல்லிடுங்க, மொழிபெயர்ப்பாளர் தயாரா இருப்பாங்க, ஹெட்போன்ல போகும். தமிழ்லயே கேளுங்க, ஆனா எண்ணையும் இடப்பேரையும் மெதுவா சொல்லுங்க, வேகமா சொன்னா மொழிபெயர்ப்புல முதல்ல காணாம போறது அதுதான்.

நாலாவது: 377, ஜீரோ ஹவர்

ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கறவங்க ஜாஸ்தி. விதி 377ங்கறது விதிப் புத்தகத்துல இருக்கற வழி, வாரத்துக்கு ஒரு எம்.பி.க்கு ஒண்ணு, 250 வார்த்தைக்குள்ள எழுதி குடுக்கணும், ஒரு நாளைக்கு 20 விஷயம் எடுப்பாங்க, கட்சி பலத்துக்கு ஏத்த மாதிரி பங்கு. எழுதினத அப்படியே படிக்கணும், பல நாள் படிக்கக் கூட விடாம மேஜையில வச்சதா எடுத்துப்பாங்க. கேமராவுக்கு ஒண்ணும் கிடைக்காது. ஆனா அது அமைச்சகத்துக்கு போகும், ஒரு மாசத்துக்குள்ள எம்.பி.க்கு பதில் கடிதம் அனுப்பணும்ங்கறது நடைமுறை, தாமதமாகும், ஆனா வரும், அமைச்சர் கையெழுத்தோட வரும். மாநிலங்களவையில இதுக்கு சிறப்புக் குறிப்புன்னு பேரு, கிட்டத்தட்ட அதே வேலை.

ஜீரோ ஹவர் விதிப் புத்தகத்துல அந்த பேர்ல எங்கயுமே கிடையாது, கேள்வி நேரம் முடிஞ்சு பட்டியல் வேலை ஆரம்பிக்கறதுக்கு நடுவுல வளர்ந்த பழக்கம். நோட்டீஸ் குடுத்து குலுக்கல்ல வரணும், வந்தா ரெண்டு மூணு நிமிஷம். 2019 ஜூலைல ஒரு நாள் ராத்திரி வரைக்கும் இழுத்து 150 பேருக்கு மேல பேச விட்டாங்க, புது எம்.பி.க்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். ஆனா அமைச்சர் பதில் சொல்லணும்னு கட்டாயம் எதுவும் இல்ல. நல்ல அமைச்சர் குறிச்சுப்பார், மத்தவங்க பக்கத்து சீட்டுல பேசிட்டு இருப்பாங்க.

அப்ப ஜீரோ ஹவர் வேஸ்டான்னு கேட்டா, இல்ல. நேத்து நடந்தது, இன்னைக்கு கொதிக்கிறது, 15 நாள் காத்திருக்க முடியாதது, அதுக்கு இது ஒண்ணுதான் வாசல். இன்னொண்ணு, மத்த கட்சி எம்.பி.க்கள் கைய தூக்கி "நானும் இதுல சேந்துக்கறேன்" னு பேர் குடுக்கலாம். பக்கத்து மாநில எம்.பி. ரெண்டு பேர் பேர் சேந்தா அது உங்க தொகுதி பிரச்சனைங்கற அளவ தாண்டிடும். அதனால காலைல கேன்டீன்லயே ஆள பிடிச்சு சொல்லி வைங்க, அவையில வந்து யாராவது கை தூக்குவாங்கன்னு நம்பி உக்காராதீங்க.

அஞ்சாவது: பதில் வந்துச்சு, ஆனா மழுப்பலா இருக்கு

இங்கதான் அரைமணி நேர விவாதம், விதி 55. ஏற்கனவே வந்த கேள்வியோட பதில்ல விளக்கம் பத்தலன்னா மூணு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுத்து, ஏன் வேணும்னு ஒரு சின்ன குறிப்பும் வச்சு கேக்கலாம். திங்கள், புதன், வெள்ளி, கடைசி அரை மணி நேரம். நீங்க கொஞ்ச நேரம் பேசலாம், முன்னாடியே பேர் குடுத்த நாலு பேர் ஆளுக்கு ஒரு கேள்வி, அப்புறம் அமைச்சர் பதில் சொல்லியே ஆகணும். ஓட்டெடுப்பு கிடையாது. சாயங்காலம் அவையில ஆளே இருக்க மாட்டாங்க, பத்திரிகையில வராது, அதனாலயே யாரும் எடுக்கறது இல்ல. எனக்கு ரொம்ப பிடிச்ச ஆயுதம் இது, காலியான அவையில அமைச்சர் கட்சி மேடை பேச்சு பேச மாட்டார், விஷயத்த பேசுவார்.

கேள்வியில இருந்து எவ்வளவு தூரம் போகலாம்ங்கறதுக்கு இன்னைக்கும் எல்லாரும் சொல்ற கதை 1957ல நடந்தது. எல்.ஐ.சி. புதுசா தேசியமயமான நேரம், ஹரிதாஸ் முந்த்ராங்கற தொழிலதிபரோட கம்பெனி பங்குகள்ல எல்.ஐ.சி. பணம் ஒரு கோடிக்கு மேல போயிருக்குன்னு கேள்வியில ஆரம்பிச்சுது. பெரோஸ் காந்தி, ஆளுங்கட்சியான காங்கிரஸ் எம்.பி., அதுவும் பிரதமர் நேருவோட மருமகன், பின்வரிசைல உக்காந்திருந்தவர், பதில்ல திருப்தி இல்லாம டிசம்பர்ல அவையில விவாதமாவே எடுத்து கணக்க புட்டு புட்டு வச்சார். அத விசாரிக்க சாக்ளா கமிஷன் வந்துச்சு, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரில ராஜினாமா பண்ணார். தீர்மானம் எதுவும் ஜெயிக்கல, அமைச்சர் சொன்ன பதிலும் காகிதத்துல இருந்த எண்ணும் ஒத்துப்போகலங்கறத அவையில வச்சு காட்டுனார், அவ்வளவுதான்.

ஆறாவது: கவன ஈர்ப்பு

தமிழ்நாட்டு ஆளுங்களுக்கு சட்டமன்றச் செய்தி கேட்டு கேட்டு பழகின வார்த்தை இது. மக்களவையில விதி 197. 1954ல இருந்து இருக்கு, இந்திய நாடாளுமன்றம் தானா உருவாக்கிக்கிட்ட வழின்னு பெருமையா சொல்வாங்க. அவசர பொது முக்கியத்துவம் உள்ள விஷயம்னு காலைல நோட்டீஸ், சபாநாயகர் ஒத்துக்கிட்டா அமைச்சர் அவையில ஒரு அறிக்கை படிக்கணும், பட்டியல்ல பேர் இருக்கற எம்.பி.க்கள், அதிகபட்சம் அஞ்சு பேர், ஆளுக்கு ஒரு விளக்கக் கேள்வி கேக்கலாம். ஒரு நாளைக்கு ஒண்ணுதான் எடுப்பாங்க, அதனால போட்டி பயங்கரம்.

கிடைக்கறதுக்கு வழி என்னன்னா பிரச்சனைய பெருசாக்கி எழுதணும், பொய்யா இல்ல. ஒரு சுரங்கப்பாதைக்கு கவன ஈர்ப்பு கிடைக்காது. நாடு முழுக்க இந்த மாதிரி பாதைகள்ல வெள்ள நேரத்துல வண்டிகள் மாட்டிக்கறது பத்தின்னு எழுதி, நாலு மாநில எம்.பி.க்கள் ஒரே வாசகத்துல தனித்தனியா நோட்டீஸ் குடுத்தா வாய்ப்பு இருக்கு.

இதுக்கு மேல விதி 193, குறுகிய கால விவாதம். இன்னும் ரெண்டு எம்.பி. கையெழுத்து வேணும், ரெண்டு மணி நேரம், அமைச்சர் பதில், ஓட்டு இல்ல. விலைவாசி, வெள்ளம் மாதிரி விஷயம்னா அரசாங்கமே இதுக்கு இறங்கி வரும், ஏன்னா ஓட்டு இல்லையே, பயம் இல்ல. ஓட்டோட விவாதம் வேணும்னா விதி 184, அதுக்கு அரசாங்கம் லேசுல ஒத்துக்காது. டிவியில "193ஆ 184ஆ" ன்னு நாள்கணக்குல சண்டை போடறாங்களே, சண்டையே ஓட்டு இருக்கா இல்லையாங்கறதுக்குதான்.

பெரிய துப்பாக்கி எல்லாம் உங்களுக்கு இல்ல

ஒத்திவைப்புத் தீர்மானம்னு தினமும் நோட்டீஸ் குடுத்து தினமும் நிராகரிச்சதா செய்தி வருதே, அது எப்பவாவது ஒரு தடவ ஏத்துக்கப்படுற சமாச்சாரம். சமீபத்துல நடந்த, திட்டவட்டமான, ஒரே ஒரு விஷயமா இருக்கணும், சபாநாயகர் சம்மதிச்சு, அவையில யாராவது ஆட்சேபிச்சா 50 பேர் எழுந்து நிக்கணும். ஜெயிச்சா அரசாங்கத்துக்கு கண்டனம் மாதிரி. மாநிலங்களவைக்கு இந்த அதிகாரமே கிடையாது, அங்க விதி 267னு ஒண்ணு, மத்த வேலைய நிறுத்தி வச்சு இத எடுங்கன்னு கேக்கறது, 2016 நவம்பர்ல நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சப்போ அதுல விவாதம் எடுத்தாங்க, அதுக்கு அப்புறம் நோட்டீஸ் குவியுது, கதவு திறக்கறது இல்ல. கட்சி சொன்னா கையெழுத்து போடுங்க, உங்க ஊர் விஷயத்த இத நம்பி வைக்காதீங்க.

பட்ஜெட் தொடர்னா வெட்டுத் தீர்மானம்

மானியக் கோரிக்கை, அதாவது ஒவ்வொரு அமைச்சகமும் செலவுக்கு கேக்குற தொகை, அவைக்கு வரும்போது மூணு விதமா வெட்டலாம். கொள்கையே தப்புன்னா தொகைய 1 ரூபாயா குறைக்கச் சொல்றது, சிக்கனம்னா குறிப்பிட்ட தொகைய குறைக்கச் சொல்றது, ஒரு குறிப்பிட்ட குறைய சொல்லணும்னா 100 ரூபாய் குறைக்கச் சொல்றது. இந்த 100 ரூபாதான் நம்ம ஆளு. "இன்ன ஊர் சுரங்கப்பாதையில் பம்ப் பொருத்தாததைக் குறிப்பிட" ன்னு ஒரே வரி, அது அச்சுல வந்து எம்.பி.க்கள் எல்லாருக்கும் போகும். தோக்கும். பாதி அமைச்சகத்தோட கோரிக்கை கில்லட்டின்ல, அதாவது விவாதமே இல்லாம மொத்தமா ஓட்டுக்கு விடறதுல, போயிடும், உங்க தீர்மானமும் அதோட சேந்து போகும். ஆனா எழுதுற செலவு அஞ்சு நிமிஷம், போட்டு வைங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டரை மணி நேரம் தனிநபர் அலுவல், அதாவது அமைச்சரா இல்லாத எம்.பி.க்கள் கொண்டு வர்ற வேலை, ஒரு வாரம் மசோதா, ஒரு வாரம் தீர்மானம். பாதிப்பேர் ஃப்ளைட் பிடிக்க கிளம்பியிருப்பாங்க. மசோதாவுக்கு ஒரு மாசம் முன்னாடி நோட்டீஸ், ஒரு தொடர்ல மக்களவையில நாலு வரைக்கும் அறிமுகம் பண்ணலாம், விவாதத்துக்கு வர்றது குலுக்கல். சட்டமா ஆகுமான்னு கேக்காதீங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் மொத்தமே 14 தனிநபர் மசோதாதான் சட்டமா ஆயிருக்கு, கடைசியா ஆனது 1970ல.

பின்ன எதுக்கு இதுன்னா ரெண்டு கதை சொல்றேன், ரெண்டும் நம்ம ஊரு சம்பந்தப்பட்டது.

1960கள்ல சென்னை மாநிலத்துக்கு தமிழ்நாடுன்னு பேர் வைக்கணும்னு மாநிலங்களவையில மசோதா கொண்டு வந்தவர் தமிழரே இல்ல, வங்காளத்து கம்யூனிஸ்ட் பூபேஷ் குப்தா. 1963ல அந்த விவாதத்துல அண்ணா எழுந்து ஆதரிச்சு பேசினார், பேர மாத்துறதால என்ன லாபம்னு குறுக்க கேட்டவங்களுக்கெல்லாம் நின்னு பதில் சொன்னார். மசோதா நிறைவேறல. ஆனா ஆட்சேபணை என்னென்ன இருக்கோ அத்தனையும் பதில் என்ன இருக்கோ அத்தனையும் அவைக்குறிப்புல ஏறிடுச்சு. 1967ல அதே அண்ணா முதல்வரா சட்டமன்றத்துல தீர்மானம் போட்டார், 1969 ஜனவரில பேரு வந்துச்சு.

ரெண்டாவது, அப்போ தி.மு.க. மாநிலங்களவை எம்.பி.யா இருந்த திருச்சி சிவா. திருநங்கைகள், திருநம்பிகள் உரிமைக்காக அவர் கொண்டு வந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்னைக்கு மாநிலங்களவையில நிறைவேறுச்சு, வழக்கமா "அரசே ஒரு சட்டம் கொண்டு வரும், நீங்க வாபஸ் வாங்குங்க" ன்னு அமைச்சர் கேட்டா எல்லாரும் வாங்கிடுவாங்க, அவர் வாங்கல. ஒரு தனிநபர் மசோதா மாநிலங்களவையில நிறைவேறினது பல வருஷத்துல அதுதான் முதல் தடவ. மக்களவையில அது தாண்டல. அரசாங்கம் தனியா ஒரு மசோதா கொண்டு வந்து 2019ல சட்டமாக்குச்சு, அந்த சட்டம் சிவாவோட மசோதா அளவுக்கு இல்லைன்னு அந்த சமூகத்து ஆளுங்களே போராடுனாங்க, அதுவும் உண்மை. ஆனா எத வச்சு ஒப்பிட்டு போராடுனாங்க, அவையில நிறைவேறின அந்த வாசகத்த வச்சுதானே.

அதனால தனிநபர் மசோதா எழுதும்போது முழுசா எழுதுங்க, சட்டமாகப் போறதில்லங்கறதுக்காக ரெண்டு பக்கத்துல கிறுக்கிட்டு விடாதீங்க. நாளைக்கு யாராவது எடுத்து பாப்பாங்க.

கடைசியா: பதில விடாம துரத்துறது

முக்கால்வாசி ஆபீஸ்ல பதில் வந்ததும் ஃபைல்ல போட்டு மூடிடுவாங்க. ஆனா வேலை ஆரம்பிக்கறதே அப்பதான். அமைச்சரோட பதில்ல "பரிசீலனையில் உள்ளது", "விசாரித்துத் தெரிவிக்கப்படும்", "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" இந்த மாதிரி வாசகம் இருந்தா குஷியாகிடுங்க. நழுவுற பதில் மாதிரி தெரியும், ஆனா நாடாளுமன்றக் கணக்குல அதெல்லாம் உறுதிமொழி. அதுக்குன்னே அரசு உறுதிமொழிகள் குழுன்னு ஒண்ணு 1953ல இருந்து இருக்கு, பதில் பதில்களா படிச்சு இந்த வாசகங்கள பொறுக்கி எடுத்து அமைச்சகத்துக்கு அனுப்பும், மூணு மாசத்துக்குள்ள நிறைவேத்தணும், முடியலன்னா அவகாசம் கேட்டு எழுதணும். வருஷக்கணக்கா கிடக்கறதும் உண்டு, அதிகாரிங்கள குழு கூப்பிட்டு உக்கார வச்சு கேக்கறதும் உண்டு.

ஒரு நோட்டுல மூணு கட்டம் போட்டு எழுதுங்க, கேள்வி எண், பதில் தேதி, உறுதிமொழியா இல்லையா. கூட்டத்தொடர் முடிஞ்சு அவைய முறைப்படி முடிச்சு வச்சா நிலுவையில இருக்கற நோட்டீஸ் எல்லாம் காலாவதி, மசோதா அறிமுகத்துக்கு குடுத்த நோட்டீஸ் மட்டும் தப்பிக்கும், அதனால அடுத்த தொடருக்கு மறுபடி புதுசா குடுக்கணும், யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க.

எங்க சுரங்கப்பாதைக்கு முதல் பதில் எப்படி வந்துச்சு தெரியுமா, "(அ) முதல் (ஈ) வரை: தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்". ஆபீஸ்ல எல்லாரும் தலைல கை வச்சு உக்காந்தாங்க, எம்.பி. மட்டும் சிரிச்சார், "மாட்டினாங்க பா" ன்னார். மூணு மாசம் கேட்டாங்க, ஆறு மாசம் ஆச்சு, நடுவுல ஒரு 377, ஒரு நினைவூட்டல் கடிதம். அப்புறம் ஒரு நாள் பதில் மேஜையில வந்துச்சு. (அ)வுக்கு ஒரு பட்டியல், (ஆ)வுக்கு ஒரு பட்டியல், (இ)க்கு நேரா ஒரே வரி, பம்ப் பொருத்துவது துறையின் பொறுப்பு, இயக்குவது உள்ளாட்சியின் பொறுப்பு. அந்த பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து முதல்ல மனு குடுத்தவங்க கையிலயே குடுத்தோம், அவங்க அத எடுத்துட்டு ரெண்டு ஆபீஸுக்கும் போனாங்க, இந்த தடவ யாரும் பந்த திருப்பி அடிக்கல. அடுத்த மழைக்கு முன்னாடி பம்ப் வந்து இறங்கிடுச்சு. ஷெட்டு போட்டு பூட்டி வச்சிருக்காங்க, கரண்ட் பில்லு யார் கட்டுறதுன்னு இன்னும் முடிவாகல, அதுக்கான கேள்விய (அ) (ஆ) (இ)ன்னு பிரிச்சு டைப் பண்ணி வச்சாச்சு, அடுத்த தொடர் அறிவிப்புக்காக காத்துட்டு இருக்கு.